நீர்மாலைக்கு நான் போட்ட சரி

1

போன சனிக்கிழமை என் மகள் கயல் பலகையில் ஒரு சொல்லை எழுதி, அதன் பொருளையும் எழுதினாள். பொருள் தப்பு. பத்து மாதத்துக்கு முன்பே அந்தத் தப்புக்குச் சிவப்பு மையில் சரி போட்டவன் நான்தான்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறு நகரம். இங்கே வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. வாரத்தில் ஐந்து நாள் ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. சனிக்கிழமை காலையில் மட்டும் தமிழ் வாத்தியார். ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் அறையை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் எங்களுக்குத் தருகிறார்கள். மொத்தம் ஒன்பது பிள்ளைகள். மூன்று பேர் ஆசைப்பட்டு வருகிறார்கள், மிச்சப் பேரைப் பெற்றோர் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். என் மகள் இதில் எந்த வகை என்று நான் கேட்டதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சொல் நோட்டு இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பேசும்போது காதில் விழும் கூட்டுச்சொல் ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை அதில் எழுத வேண்டும். பேச்சில் அதற்கு முன்னும் பின்னும் என்ன வந்தது என்று துப்புகளை எழுத வேண்டும். அவற்றை வைத்துப் பொருளை ஊகிக்க வேண்டும். அகராதி பார்க்கக் கூடாது, கைபேசியும் கூடாது. வருடக் கடைசி வகுப்பில் ஆளுக்கொரு சொல்லைத் தங்கள் நோட்டில் இருந்து எடுத்துப் பலகையில் எழுதுவார்கள்.

கயல் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அழகான கையெழுத்தில் எழுதினாள். நீர்மாலை. நீர், கூட்டல், மாலை. மாலை நேரத்தில் ஆற்றங்கரையில் நடக்கும் திருவிழா.

பிள்ளைகள் கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை. பாண்டியம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், தன் மகனைக் கூட்டிப்போக அன்று கொஞ்சம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் கயலின் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அண்ணே, பாப்பா எழுதுனது நம்ம ஊரு நீர்மாலைதானா, இல்ல வேற எதுவுமா?"

"அவளுக்குத் தெரியாதும்மா."

"பிள்ளைக்குத் தெரியாம இருக்கலாம்ண்ணே. நீங்க சரி போட்டிருக்கீகளே."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒருவர் இறந்துபோனால், எடுப்பதற்கு முன்பு மகன்மாரும் பங்காளிகளும் கொட்டு முழங்க வாய்க்காலுக்கோ கிணற்றுக்கோ போய்க் குளிப்பார்கள். குடத்தில் தண்ணீர் எடுத்து, குடத்துக்கு மாலை போட்டு, தலைக்கு மேல் ஒரு வேட்டியை நான்கு பேர் விரித்துப் பிடிக்க, நடந்து வருவார்கள். அந்தத் தண்ணீரில்தான் இறந்தவரைக் கடைசியாகக் குளிப்பாட்டுவது. அதற்குப் பெயர் நீர்மாலை. மாலை என்றால் பூமாலை. குடத்தைச் சுமக்க வேண்டியது மகன்.

சுருளிப்பட்டியில் என் அய்யாவுக்கு நான் ஒரே மகன். அந்தக் குடத்தை நான் சுமக்கவில்லை. இந்த வாரம் அவர் போய் ஒரு வருடம் ஆகிறது.

2

கூட்டுச்சொல்லில் எனக்கு ஆசை வந்ததே ஜெர்மன் மொழியால்தான். இந்த ஊர்க்காரர்கள் சொற்களை ரயில் பெட்டி மாதிரி கோர்த்துக்கொண்டே போவார்கள். நகராட்சி அலுவலகத்தில் இருந்து எனக்கு வந்த முதல் கடிதத்தில் ஒரே ஒரு சொல் பாதி வரியை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் நடுவில் எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். கடைசித் துண்டைப் பார், அதுதான் பொருள், முன்னால் இருப்பதெல்லாம் அதற்குச் சட்டை என்றார்.

கயலுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கையுறைக்கு இங்கே 'ஹாண்ட்ஷூ' என்று பெயர். கைக்கு மாட்டும் காலணி. நாலு வயதில் ஒரு பனிக்காலக் காலையில் அவள் "அப்பா, என் கைச்செருப்பு எங்க?" என்று கேட்டாள். அன்று முழுக்கச் சிரித்தோம். ஊருக்கு வீடியோ எடுத்து அனுப்பினோம். அய்யா அதைத் தெருவில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாராம்.

வகுப்பில் நான் இரண்டே விதிகளை வைத்திருந்தேன். சொல்லை உடை. பிறகு அக்கம் பக்கத்தில் இருக்கும் சொற்களிடம் விசாரி. 'ஏலக்காய்' கொடுத்தபோது ஒரு பையன் அதை உடைத்து, ஏலத்தில் விற்கும் காய் என்று எழுதினான். அய்யா முப்பது வருடம் கம்பமெட்டு மலைப்பாதை வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டியவர். போடியில் ஏலக்காயை ஏலம் விடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவனைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதி மதிப்பெண் போட்டேன். அய்யாவிடம் போனில் சொன்னபோது, "முழுசாப் போட வேண்டியதுதானே, பய சரியாத்தான சொல்லிருக்கான்" என்றார்.

யார் பேசுகிறார்கள், எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லித்தரவில்லை. அப்படி ஒரு விதி வேண்டும் என்று அப்போது எனக்கே தோன்றியிருக்கவில்லை.

3

போன வருடம் ஜூன் மாதம், பள்ளி விடுமுறை. எனக்குக் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். அளவு பார்க்கும் கூடத்துக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. லாக்கர் அடுத்த கட்டடத்தில் இருக்கிறது, இடைவேளையில் போய்வர நேரம் போதாது. என் மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவள் கைபேசியும் பைக்குள்தான் கிடக்கும். வீட்டில் கயல் மட்டும் இருந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. எங்கள் பழைய கைபேசி ஒன்று அவளிடம் இருந்தது.

அன்று ஊரில் காலை பத்து மணிக்கு அய்யா இறந்திருக்கிறார். காப்பி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அக்கா அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள், அவள்தான் முதலில் பார்த்தது. அவளும் சித்தப்பா மகன் முருகனும் மாற்றி மாற்றி எனக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். லாக்கருக்குள் கைபேசி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் பகல் பன்னிரண்டரைக்கு அக்கா கயலின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். இங்கே அப்போது காலை ஒன்பது மணி. அவர்கள் பேசியதை அன்றே கயல் எனக்கு அப்படியே சொன்னாள். கேட்டதை அப்படியே ஒப்பிப்பதில் அவள் கெட்டிக்காரி.

"தாயி, அப்பா எங்கன?"

"வேலைக்குப் போயிருக்காங்க அத்தை. அம்மாவும் போயிட்டாங்க."

"வீட்ல வேற யாரும் இருக்காகளா?"

"நான் மட்டும்தான்."

தனியாக இருக்கும் பிள்ளையிடம் உன் தாத்தா செத்துப்போனார் என்று எப்படிச் சொல்வது என்று அக்கா யோசித்திருக்க வேண்டும். அவள் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"சரி சாமி. அப்பாட்ட எப்படியாச்சும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு. நாலு மணிக்கு நீர்மாலை எடுத்துரலாம்னு பெரியாளுக சொல்றாக. அப்பா வர்றதா இருந்தா பெட்டி சொல்லிருவோம், நாளைக்கு வச்சுக்கிருவோம்."

"நீர்மாலைன்னா என்ன அத்தை?"

"அப்பாட்டக் கேளு தாயி. அப்பா சொல்லுவாக."

கயல் எனக்கு ஐந்து தடவை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. அத்தை காத்துக்கொண்டிருப்பாளே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி உட்கார்ந்து சொல்லை உடைத்தாள். நீர் தெரியும். மாலை என்றால் அவளுக்குச் சாயங்காலம்தான், பூமாலையை அவள் இரண்டு கல்யாண வீடியோக்களில் பார்த்திருந்தால் அதிகம். கடைசித் துண்டுதான் பொருள் என்பது அவளுடைய இன்னொரு மொழி கற்றுத்தந்த பாடம். ஆகவே இது ஒரு மாலைப் பொழுது. பிறகு அக்கம் பக்கத்தில் விசாரித்தாள். நாலு மணி என்றார்கள், பொருந்துகிறது. பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது, நிறையப் பேர் இருந்தார்கள், அப்படியென்றால் திருவிழா. பெட்டி என்றால் பயணப் பெட்டி. அப்பா ஊருக்கு வருவாரா என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியும். பிறந்ததில் இருந்து கேட்டு வருகிறாள். இருபது நிமிடம் கழித்து அவளே அத்தையைக் கூப்பிட்டாள்.

"அத்தை, அப்பா வரலையாம். லீவு இல்லையாம். நல்லபடியா நடத்துங்கன்னு சொன்னாங்க."

"அப்படியா சொன்னாக?"

"ஆமா அத்தை."

இரண்டு மணிக்கு லாக்கரைத் திறந்தேன். திரை முழுக்க அக்காவின் பெயர். எத்தனை அழைப்புகள் என்று பார்க்கவில்லை. திருப்பிக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. அங்கே மணி ஐந்தரை, எல்லோரும் சுடுகாட்டில் இருந்திருக்கிறார்கள். அய்யாவுக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்துக்கொண்டே டிராமில் வந்தேன். கதவைத் திறந்ததும் கயல் சொல் நோட்டோடு ஓடி வந்தாள்.

"அப்பா, இந்த வாரச் சொல்லு நானே கண்டுபிடிச்சேன். ஊர்ல நீர்மாலையாம். நாலு மணிக்கு. அது ஆத்துல நடக்குற திருவிழா, சரியா?"

அய்யா இறந்ததை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். வாசலில் நின்றபடி, ஒரு காலில் செருப்போடு, என் மகளின் கையெழுத்தில் படித்தேன். அவள் ஒவ்வொரு துப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அத்தையிடம் என்ன சொன்னேன் தெரியுமா என்று அதையும் சொன்னாள். அவள் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது. பாராட்டுக்காக நின்றாள்.

"ஆமா," என்றேன். "திருவிழாதான்."

தாத்தா இறந்துபோனார் என்று மறுநாள்தான் அவளிடம் சொன்னோம். அன்று காலையில்தான் நடந்ததாகச் சொன்னோம். ஒரு நாளை மாற்றி வைத்ததால் அவள் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. இரண்டு மாதம் கழித்து நோட்டுகளைத் திருத்தியபோது அந்தப் பக்கம் வந்தது. விட்டுவிட்டுத் தாண்டினால் ஏன் என்று கேட்பாள். சரி போட்டேன்.

4

விடுப்பு கேட்கத் தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா என் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார். பிறகு திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். பெற்றவர் இறந்தால் தனியாக விடுப்பு உண்டு, ஆனால் அது அடக்கத்துக்குப் போவதற்கு, அடக்கம் எப்போது என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். எப்போது இறந்தார் என்றார். நேற்று என்றேன். அவருக்குப் புரியவில்லை. இங்கே ஒருவர் இறந்தால் அடக்கத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நான் ஏதோ தவறாகச் சொல்கிறேன் என்று நினைத்து, இறப்பு என்ற சொல்லையும் அடக்கம் என்ற சொல்லையும் எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

கடைசியில், "அப்படியென்றால் உங்கள் வருடாந்திர விடுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நிறையத்தான் இருக்கிறதே, பத்தொன்பது நாள்" என்றார்.

பத்தொன்பது நாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதிவிடுகிறேன். லீவு இல்லை என்று ஊருக்குச் சொன்ன எந்த வருடத்திலும் எனக்கு லீவு இல்லாமல் இருந்ததே இல்லை. அக்கா வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது சொன்னேன். அவள் மகள் சடங்குக்குச் சொன்னேன். வீரபாண்டித் திருவிழாவுக்கு வருடா வருடம் சொன்னேன். அய்யாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோதும் அதைத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் 'நல்லபடியா நடத்துங்க' என்பதையும் சேர்த்துக்கொள்வேன். அப்படிச் சொன்னால் மறுப்பது போலத் தெரியாது. விடுப்பை எடுத்துக்கொண்டு நாங்கள் மலைகளுக்குப் போனோம், கடலுக்குப் போனோம். ஊருக்குப் போனால் போய்வரும் அலுப்பு, கேள்விகள், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. காரணங்கள் எல்லாம் உண்மைதான். சொன்னது மட்டும் பொய்.

நான்காம் நாள் சுருளிப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டு முன்னால் பந்தல் பிரித்த குழிகள் இருந்தன. அக்கா வாசலுக்கு வந்தாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்காகவே நானும் வழியெல்லாம் அழுகையை வைத்திருந்தேன்.

"நீ சொன்ன மாதிரியே நல்லபடியா முடிச்சிட்டோம்ப்பா," என்றாள். "உள்ள வா."

ஏலே என்றுதான் அவள் என்னைக் கூப்பிடுவாள். அன்றைக்குப் 'ப்பா' போட்டாள். முருகன்தான் குடம் எடுத்தான், கொள்ளியும் அவனே வைத்தான் என்று பிறகு சொன்னார்கள். காரியத்துக்கு வந்தவர்களில் ஒருவர், எனக்குக் கேட்கட்டும் என்றே, "பெத்தவருக்குப் பெட்டி சொல்லி ஒரு ராத்திரி வச்சிருக்கக்கூட வேணாம்னுட்டாராம்ல" என்றார்.

ஒரே வாக்கியத்தில் நான் தப்பித்திருக்கலாம். நான் சொல்லவில்லை, பிள்ளை அறியாமல் சொல்லிவிட்டாள் என்றால் போதும். அக்கா நம்பியிருப்பாள். ஆனால் அடுத்த முறை கயல் ஊருக்கு வரும்போது யாராவது ஒருவர் அவள் கன்னத்தைக் கிள்ளி, நீதானடி உங்கப்பனைக் குடம் எடுக்க விடாமல் பண்ணினவள் என்று விளையாட்டாகச் சொல்வார்கள். எங்கள் ஊர் விளையாட்டு எனக்குத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மையா என்று தெரியவில்லை.

5

பாண்டியம்மாள் கேட்ட பிறகு இனி மறைக்க முடியாது. அவர் மகனிடம் சொல்வார், அவன் எங்காவது பார்க்கும்போது கயலிடம் சொல்வான். அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சொல் நோட்டை எடுத்து வரச் சொன்னேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, நான் போட்ட சரியின் மேல் விரலை வைத்து, மெதுவாகச் சொன்னேன். மாலை என்றால் பூமாலை. பெட்டி என்றால் உடம்பைக் குளிரில் வைக்கும் பெட்டி. கொட்டு சாவுக்கும் அடிப்பார்கள்.

அவள் அழவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அத்தை குரலைக் கேட்டு, சளி பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்," என்றாள்.

பிறகு, "ஆமான்னு ஏன் சொன்னீங்க?" என்று ஜெர்மனில் கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்த மொழிதான் வரும். நீ சந்தோஷமாக நின்றாய் என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மனைவி போய்க் கூப்பிட்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் அடுப்படியில் இருந்தேன். கயல் கூடத்தில் உட்கார்ந்து அத்தையைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பது போலப் பேசினாள்.

"அத்தை, போன வருஷம் அப்பா அப்படிச் சொல்லலை. அப்பா போனே எடுக்கலை. நீர்மாலைன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். சாரி அத்தை."

அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. பிறகு அக்கா பேசினாள்.

"நீயா தாயி? நீயா சொன்ன?"

"ஆமா அத்தை."

"சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும். நீ அழாத ஆத்தா. உம் மேல ஒரு குத்தமும் இல்ல."

"நான் பொய் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"எப்படித் தாயி தெரியும்? அவன் சொல்ற மாதிரியேல்ல இருந்துச்சு."

நான் கையில் கரண்டியோடு நிலையருகே வந்து நின்றிருந்தேன். கயல் திரும்பி என்னைப் பார்த்தாள். அக்காவின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"அப்பா பக்கத்துல இருக்காகளா? அடுத்த வாரம் திதி. வருவாகளான்னு கேளு."

கயல் கைபேசியை என் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.